முலொங்கா அருவியில் பறித்த பானை

முபங்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட வருஷம், எங்கள் ஊர் ஜனங்களுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அவள் வீட்டு வாசலை மிதித்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். செருப்பை ஓசைப்படாமல் கழற்றுவார்கள். "எப்படிம்மா இருக்கே?" என்று வாய்க்குள் பஞ்சு அடைத்ததுபோலக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இதே ஜனங்கள்தான் போன வருஷம் வரை அவள் வாய்க்குப் பயந்து, சந்தையில் அவள் நிற்கிற பக்கமே போகாமல் சுற்றிப் போனவர்கள்.

அவள் காளான் குலம். நான் மழைக் குலம். மழை இல்லாவிட்டால் நீங்கள் ஏது என்று நாங்கள் கேட்போம். நாங்கள் முளைக்காவிட்டால் நீங்கள் பெய்தது எவனுக்குத் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். எதிர்க்குலத்துக்காரி என் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பிலிருக்கிற களியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம். நான் முகம் சுளிக்கக் கூடாது. நாளைக்கு நான் அவள் கோழியைத் தூக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பட்டப்பகலில், ஆள் பார்க்கப் பறிக்க வேண்டும். ஒளிந்து எடுத்தால் அது வெறும் திருட்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் எதிர்க்குலம்தான். அழுகிறவர்களைச் சீண்டிச் சீண்டிச் சிரிக்கவைப்பதும் அவர்கள் பொறுப்புதான். ஆகவே, கண்ணுகளா, இந்தக் கதையில் காளான்களைப் பற்றி நான் சொல்வதில் உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முபங்காவுக்கு உப்பே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கசாமா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்; நாலு நாள் வைத்திருந்து, "வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. தெரிந்துகொள்ளமாட்டேன் என்று நின்றது ஒரே ஒரு ஆள். அவள் மகள் மலாமா. பதினைந்து வயது, அம்மாவின் நெற்றி, அம்மாவின் வாய். அந்த வாயை அவள் நாலு மாசமாகத் திறக்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நானும் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீடு, எதிர்க்குலம், அவளைச் சீண்டவேண்டியவள் நான். ஆனால் வீங்கிப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கு புரளவில்லை. "எப்படிம்மா இருக்கே?" என்று நானும் பஞ்சுக்குள் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் மழை இன்னும் தொடங்காத அந்த அக்டோபரில் ஒரு நாள் காலை, நான் மரவள்ளித் துண்டுகளைப் பாறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மலாமா வந்து நின்றாள்.

"அத்தை, முலொங்கா அருவிக்குப் பின்னாடி இருக்காரே, அவரு எந்தக் குலம்?"

"தண்ணிக்குள்ள குடியிருக்கிறவரு வேற எந்தக் குலமா இருப்பாரு? எங்க ஆளுதான்."

"லோம்பே பெரியம்மா மூணு தடவை வெள்ளை மாவு கொண்டுபோய்க் கொட்டி, முட்டி போட்டுக் கும்பிட்டுட்டு வந்தாங்க. ஒண்ணும் நடக்கல."

"கும்பிடுறது நம்ம கடமை. அப்புறம் அவரு இஷ்டம்."

"அவரு மழைக் குலம்னா, நான் எதுக்குக் கும்பிடணும்?" என்றாள் மலாமா.

நான் குனிந்து இன்னும் நாலு துண்டைப் பரப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் அருவிப் பாதையில் பாதி தூரம் போயிருந்தாள்.

அருவிக்குப் பின்னால் ஆளுக்கொரு பானை இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பானையில் தண்ணீர் இருக்கிறவரை ஆள் இருப்பார். தண்ணீர் தீர்ந்ததும் அருவிக்காரர் பானையைக் கவிழ்ப்பார். கவிழ்த்தால்தான் உயிர் போகும். பானை அவர் கைக்கே எட்டாவிட்டால் எப்படிக் கவிழ்ப்பார்? மலாமா போட்ட கணக்கு அவ்வளவுதான்.

உள்ளே நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். சொன்னது ஒரு காளான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் திரைக்குப் பின்னே ஒரு குட்டையான மனிதர் கல்லின்மேல் உட்கார்ந்து மீன் கூடை பின்னிக்கொண்டிருந்தாராம். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல்கள்போலக் கால்விரல்கள் சுருங்கியிருந்தன. ஐந்து விரல்கள்தான் தெரிந்தன; மற்றக் காலில் ஒரு ரப்பர் பூட்ஸ். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை மாவுப் பொட்டலங்கள் பாறைக் கூரை வரை அடுக்கியிருந்தன.

"முட்டி போடு. கையைத் தட்டு. மாவை அந்தப் பக்கம் வை," என்றார், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாவு இல்ல. முட்டியும் போட மாட்டேன். நான் காளான்."

கூடை கையிலிருந்து நழுவியது. "என்ன சொன்னே?"

"காதுல தண்ணி போயிடுச்சா? காளான் குலம்னு சொன்னேன். விதைச்சுட்டு வானத்தப் பாத்தா வர மாட்டே, துணி காயப்போட்டா மட்டும் ஓடியாருவே. உனக்கெல்லாம் ஒரு கும்பிடு கேக்குதா?"

அருவிக்காரர் எழுந்து நின்றார். மலாமா ஓர் அடி பின்னால் வைத்தாள். ஆனால் அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"இன்னொரு தடவை திட்டு புள்ள."

"ஒத்தக் கால் பூட்ஸு! இன்னொண்ணு எங்க? நீ கொண்டுவந்த வெள்ளத்துல நீயே விட்டுட்டியா?"

அவர் சிரித்த சிரிப்பில் அருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்ததாம். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த என் தங்கையின் வாளி உருண்டோடியது உண்மை. அதற்கு நானே சாட்சி.

"எத்தனை காலமாச்சு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் வர்றான், மாவைக் கொட்டுறான், அழுறான், போறான். ஒருத்தனாவது, ஏன்யா உன் மூஞ்சி இப்படி ஊறிப்போயிருக்குன்னு கேட்டானா? இந்த மாவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இங்க அடுப்பு பத்துமா? வந்த புள்ள வெறுங்கையோட போகக் கூடாது. முறைப்படி, என் வீட்ல என்ன வேணுமோ பறிச்சுக்கோ."

எங்கள் குலத்து ஆண்களுக்கு உள்ள வியாதி அது. நாலு வசவு வாங்கிவிட்டால் போதும், குளிர்ந்துபோய் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பாறைத் தட்டுகளில் பானைகள், பானைகள், பானைகள். எல்லாம் ஒரே மண், ஒரே வடிவம். ஒன்றிலும் பெயர் இல்லை. மலாமா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, அவள் அம்மா கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துக் கத்துகிற வசவை அப்படியே கத்தினாள்:

"மழைக்காரன் பந்தலுக்கு வந்தா, கூரை போட்டவனுக்குக் கெட்ட பேரு!"

மூன்றாவது தட்டில் ஒரு பானை களுக்கென்று சிரித்தது.

நாலு மாசமாகக் காதில் விழாத சிரிப்பு. மலாமா ஓடிப்போய் அந்தப் பானையை நெஞ்சோடு சேர்த்து எடுத்தாள். கழுத்திலிருந்து அடிவரை முடி அகலத்துக்கு ஒரு கீறல். கீறலின் நுனியில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே உள்ளங்கை உயரத்துக்குத் தண்ணீர்.

அருவிக்காரரின் சிரிப்பு நின்றுபோயிற்று. "அத மட்டும் வெச்சிடு புள்ள."

"பறிச்சாச்சு."

"அது கீறல் விட்ட பானை. எங்க இருந்தாலும் ஒழுகும்."

"நான் அடைச்சுக்குவேன்."

"பூட்ஸ எடுத்துக்கோயேன்."

"ஒத்தக் காலுக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "பட்டப்பகல்ல வருவேன்! எல்லாரும் பாக்க வந்து பறிப்பேன், சொல்லிட்டேன்!"

வீட்டுக்கு வந்தவள் பானையை யாருக்கும் காட்டவில்லை. கொல்லையில் மரக்கால்கள் மேல் நிற்கிற தானியக் குதிருக்குள் வைத்தாள். கீறலைத் தேன்மெழுகால் அடைத்தாள், ஒழுகியது. புற்று மண்ணால் அடைத்தாள், ஒழுகியது. சைக்கிள் டியூபுக்குப் போடுகிற ஒட்டுகூடப் போட்டுப் பார்த்தாள். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால், அது பானையை மதிக்காமல் அடிவழியாகவே போயிற்று. கடைசியில் கீறல்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு குதிருக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அருவிக்காரர் வந்தால் அடிக்க உலக்கை ஒன்று பக்கத்தில்.

ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது, கால் வீக்கத்துக்குத் தலையணை வைப்பது, பாயைத் திருப்பிப் போடுவது எல்லாம் லோம்பேதான். முபங்காவின் அக்கா நல்லவள். ஆனால் ஊட்டும்போதே அழுகிறவள். கஞ்சியில் உப்பு இல்லை என்ற குறை அந்த ஒரு வாரம் இல்லை.

ஆறாம் நாள் நான் போனபோது முபங்கா மாமரத்தடிப் பாயில் படுத்திருந்தாள். குதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என் மூஞ்சி அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எம் மவ ஆறு நாளா பக்கத்துல வரல. பயப்படுறா போல. சின்னப் பொண்ணு, பாவம்."

பஞ்சு என் தொண்டைவரை இறங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல் கோபம் வரும்.

மறுநாள் உச்சி வெயிலில் அவர் வந்தார். ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். நடந்துவந்த பாதையெல்லாம் ஈரம். லுவிங்கு பக்கத்திலிருந்து வந்த ஏதோ மழைக் குலத்துக் கிழவர் என்று நினைத்து லோம்பே முக்காலியைப் போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் செம்பைச் சந்தேகமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

முபங்கா கண்ணைத் திறந்தாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"யாருய்யா இது, சொட்டுச் சொட்டா வர்றது? வந்தா முழுசா வரணும். இல்லேன்னா வீட்ல கிடக்கணும்."

லோம்பே வாயில் கை வைத்துக்கொண்டாள். அருவிக்காரர் முக்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டார்.

"நீதான் முபங்காவா? குடையோட பொறந்த குலத்துல பொறந்துட்டு மரநிழல்ல என்ன படுக்கை? கால் என்ன இப்படி உப்பிக் கிடக்கு? யானைகிட்ட கடன் வாங்கினியா?"

நாலு மாசத்தில் அந்தக் காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்காததுபோலப் பார்ப்போம். முபங்கா தன் காலைப் பார்த்தாள். பிறகு அவள் வயிறு குலுங்கியது.

"என் காலாவது ரெண்டும் ஒண்ணு போல இருக்குய்யா! உனக்கு ஒண்ணு கல்யாணத்துக்குப் போகுது, இன்னொண்ணு வயலுக்குப் போகுது!"

என் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு கேட்டது. நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் குதிருக்கடியிலிருந்து மலாமாவும் ஓடிவந்தாள், இரண்டு கையிலும் பானையோடு.

"சிரிக்காதம்மா! சிரிக்காத, ஒழுகுது!"

எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அருவி, பானை, கீறல், ஏழு நாள் காவல். அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். முபங்கா முழுக்கக் கேட்டாள்.

"இதுக்காகவாடி என் பக்கத்துல வரல?"

"நான் காவல் காத்தேன்ம்மா."

"எத? மண்பானையவா? நான் இங்கதானே படுத்திருந்தேன்."

மலாமா தன் கையைப் பார்த்தாள். கீறலை அழுத்தி அழுத்தி அவள் உள்ளங்கை வெளுத்து, அருவிக்காரரின் கால்விரல்போலச் சுருங்கியிருந்தது.

"உப்ப நிறுத்தினாங்க, சரி," என்றாள் முபங்கா. "மீன நிறுத்தினாங்க, சரி. சிரிப்பையும் நிறுத்தினா நான் எதுக்குடி கிடக்கணும்? நீ சொல்லுய்யா, சிரிச்சா அதிகமா ஒழுகுமா?"

"சிரிச்சாலும் அவ்வளவுதான், அழுதாலும் அவ்வளவுதான்," என்றார் அவர். பிறகு கையை நீட்டினார். "பட்டப்பகல். எல்லாரும் பாக்குறாங்க. குடு புள்ள."

மலாமா பின்னால் நகர்ந்தாள். "குடுத்தா கவிழ்த்துடுவே."

"தண்ணி இருக்கிற பானைய நான் கவிழ்த்ததே இல்ல."

"தீர்ந்த பிறகும் கவிழ்க்காம வெச்சிருந்தா?"

அவர் முகத்தில் அப்போது கேலி இல்லை. "போக மாட்டா. இங்கயே கிடப்பா. ஆனா திட்ட மாட்டா, சிரிக்க மாட்டா. நீ யாருன்னு கேக்கவும் மாட்டா. வெறும் பானை வாயத் தொறந்துட்டு இருக்கும் பாரு, அப்படி. நீ அத வெச்சுக்கலாம். பறிச்சது உன்னதுதான்."

பானை அடியிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது.

"அந்தச் சோலியே வேண்டாம்," என்றாள் முபங்கா. எழுந்து உட்கார முடியாதவள், ஒரு கையை ஊன்றி, மகளின் கையிலிருந்து பானையைப் பறித்தாள். மடியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, இத்தனை பெரிய வாய்க்கு இவ்வளவு சின்னப் பானை! இது என்கிட்டயே இருக்கட்டும். தீர்ந்தா எம் மவ கவிழ்ப்பா. உன் கை எதுக்குய்யா, ஊறின கை? உனக்கு வேற வேலை இருக்கு. குழி வெட்ட வந்து சேரு. அன்னைக்காவது நேரத்தோட வா."

அருவிக்காரர் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போகிறபோது லோம்பேயின் அடுப்பிலிருந்து மரவள்ளிக் களியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். முறைதானே. அருவிக்குள் அவருக்குச் சுடுகளி எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் கிடைத்தது. மலாமா தன் பாயைக் கொண்டுவந்து அம்மா பாயோடு ஒட்டிப் போட்டாள். பானை இரண்டு பேருக்கும் நடுவில். பள்ளிக்கூடத்துக் கதை, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்கிற கதை எல்லாம் முபங்காவுக்கு வேண்டும். தாமிரச் சுரங்கத்து ஊருக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட அப்பனைப்போலவே மகளும் நடக்கிறாள் என்று கேலி செய்வாள், மலாமா கோபித்துக்கொள்வாள், ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் அதே நடையை நடந்து காட்டிச் சிரிப்பார்கள், ஒருத்தி படுத்தபடியே. நானும் வெட்கத்தைக் கழுவிக்கொண்டேன். அடுத்த நாளே அவள் கண்ணெதிரே அவளுடைய சிவப்புக் கோழியைத் தூக்கினேன். "திருடி! உன் குலமே ஒழுகட்டும்!" என்று அவள் கத்தியது சந்தைவரை கேட்டது. அதைக் கேட்டபிறகு ஊர் ஜனங்கள் குரலைத் தாழ்த்துவதை விட்டார்கள்.

வலி இல்லாமல் இல்லை. மூச்சு திணறுகிற நாட்கள் இருந்தன. யார் கை என்று தெரியாமலே அவள் எங்கள் கையைப் பிடித்த நாட்கள் இருந்தன. அதெல்லாம் வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நாள் மதியம் மலாமா கஞ்சி கொண்டுவந்து ஒரு கரண்டி ஊட்டினாள். முபங்கா வாயில் வைத்து வெகுநேரம் மென்றாள்.

"கட்டி," என்றாள். "பதினஞ்சு வயசாச்சு. இன்னும் கிண்ட வரல."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு மட்டும் இருந்தது. மலாமா பானையைத் தூக்கிப் பார்த்தாள். அடி காய்ந்திருந்தது. பானை வாயில் காதை வைத்துக் கேட்டாள். வாசலில் நின்ற எங்களில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. "மழைக்காரன் பந்தலுக்கு வந்தா..." என்று பானைக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். களுக்கென்ற சத்தம் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாய்.

பாத்திரம் கழுவி வெயிலில் வைக்கிறோமே, அதுபோலத்தான் வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, அலுங்காமல், பானையைத் தரையில் கவிழ்த்தாள். முபங்கா ஒரு மூச்சு விட்டாள். அடுத்தது வரவில்லை.

மறுநாள் எங்கள் குலத்து ஆண்கள் குழி வெட்டப் போனார்கள். மழை காணாத மண். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது, உள்ளே இறங்கவில்லை. என் தம்பி இரண்டு தடவை மண்வெட்டிக் கைப்பிடியை உடைத்தான். குழிக்குப் பக்கத்திலேயே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மலாமா கவிழ்த்த பானையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சீண்டவேண்டியது என் முறை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். என் சிநேகிதி போய்விட்டாள் என்பதைத் தவிர எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். மழைக் குலத்துக்காரி என்ற பெயருக்கு அன்றைக்கு அதைத்தான் செய்தேன்.

அப்போது இடுகாட்டின்மேல் மட்டும் மழை இறங்கியது. சுற்றிலும் வெயில் காய்கிறது. குழி வெட்டுகிற இடத்தில் மட்டும் சடசடவென்று கொட்டுகிறது. மண் களிபோலக் குழைந்து, கடப்பாரை முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. குழியின் ஓரத்துச் சேற்றில் தடங்கள் விழுந்திருந்தன: ஒன்று பூட்ஸ், ஒன்று வெறுங்கால்.

மலாமா எழுந்து நின்றாள். ஒப்பாரி நின்றது.

"இப்பத்தான் வர்றியா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "எங்கம்மா நேரத்தோட வான்னு சொல்லலியா உனக்கு? காலையிலேருந்து உன் குலத்துக்காரங்க கைப்பிடி ஒடச்சுட்டு நிக்குறாங்க! அந்தக் களிச் சட்டி எங்க? பெரியம்மா கேக்குறாங்க, கழுவியாவது கொண்டுவந்தியா?"

தூரத்தில் அருவிப் பக்கம் குடுகுடுவென்று ஒரு சத்தம் உருண்டது. இடியென்று என் தம்பி இன்றைக்கும் சாதிக்கிறான்.

மலாமா மடியிலிருந்த பானையை நிமிர்த்தி மழையில் வைத்தாள். அது நிரம்ப நிரம்பக் கீறல் வழியே ஒழுகியது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே அழுகையும் வந்தது. நான் அவளை இழுத்து என் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"தள்ளி உக்காருங்க அத்தை," என்றாள், முகத்தை எடுக்காமலே. "ஒழுகுறீங்க."